கணித மென்பொருளின் விலை எங்கிருந்து வருகிறது?

எஸ்.டி.பி.எம், மெட்ரிகுலேஷன் முடிவுகள் வெளிவந்து, பிள்ளைகளுக்குப் பொறியியலோ கணிதமோ படிக்க இடம் கிடைத்த வீடுகளில், எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆண்டுதோறும் ஒரே பேச்சு அடிபடுகிறது. மடிக்கணினி வாங்கினால் மட்டும் போதாது, கணக்குப் போடும் மென்பொருளும் வாங்க வேண்டும், அது மடிக்கணினியைவிட விலை அதிகம் என்று ஒருவர் சொல்வார். இணையத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கிக்கொள்ள ஆயிரக்கணக்கில் கேட்பது பகல் கொள்ளை என்று இன்னொருவர் சொல்வார். விலை கூடினால்தான் விடை சரியாக இருக்கும், இலவசமாகக் கிடைப்பதை நம்பிப் பட்டப்படிப்பு படிக்க முடியுமா என்று மூன்றாமவர் கேட்பார். மூன்று பேச்சிலும் உண்மையின் ஒரு துண்டு இருக்கிறது. ஆனால் அவை ஒன்றுசேர்ந்து, மாதச் சம்பளத்தில் கைக்கும் வாய்க்குமாக வாழும் தோட்டக் குடும்பங்களைத் தேவையில்லாத கடனுக்கோ, திருட்டுப் பிரதிக்கோ தள்ளிவிடுகின்றன. ஆகவே இந்த விலை எப்படி உருவாகிறது, அது எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதைக் கணினித் துறை சாராதவர்களுக்கும் விளங்கும்படி எழுத விரும்புகிறேன்.

மென்பொருள் செய்யும் இரண்டு வேலைகள்

கணித மென்பொருள் என்று பொதுப்படையாகச் சொல்லப்படுவதில் இரண்டு வகை வேலைகள் அடங்கியுள்ளன. ஐந்தாம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு முதல் வகை பழக்கமானதே. எக்ஸின் வர்க்கத்தைத் தொகையிட்டால், எக்ஸின் கனத்தை மூன்றால் வகுத்தது விடையாக வரும். இங்கே எழுத்து கடைசிவரை எழுத்தாகவே நிற்கிறது. விடையும் ஒரு சூத்திரம்தான். இதற்குக் குறியீட்டுக் கணிப்பு என்று பெயர். மேத்தமேட்டிக்கா, மேப்பிள் ஆகியவை இந்த வேலைக்காகப் புகழ் பெற்றவை.

அதே கணக்கில், 0 முதல் 1 வரை உள்ள பரப்பு எவ்வளவு என்று கேட்டு, 0.3333 என்று எண்ணாகவே விடை பெறுவது இரண்டாம் வகை. இது எண்வழிக் கணிப்பு. ஒரு பாலம் காற்றில் எப்படி அதிரும், செம்பனை ஆலையின் கொதிகலனில் வெப்பம் எப்படிப் பரவும் என்பன போன்ற கேள்விகளுக்கு அழகான சூத்திரம் பெரும்பாலும் கிடைக்காது. நம்பத்தகுந்த எண் கிடைத்தாலே போதும். பொறியியல் மாணவர்கள் அதிகம் கேள்விப்படும் மேத்லேப் இந்த வேலையை மையமாக வைத்து வளர்ந்தது.

மாரானுக்குப் போகும் பேருந்து

பங்குனி உத்திரத்துக்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயத்துக்குப் பேருந்து எடுப்பது தோட்டப்புறத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. பேருந்தின் வாடகை 2,400 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். 40 பேர் வந்தால் தலைக்கு 60 ரிங்கிட். 12 பேர்தான் வந்தார்கள் என்றால் தலைக்கு 200 ரிங்கிட். பேருந்து அதேதான், தூரமும் அதேதான். எத்தனை பேர் ஏறினாலும் மாறாத அந்த 2,400 ரிங்கிட்டைப் பொருளியலில் நிலைச் செலவு என்பார்கள். காலியாக இருக்கும் இருக்கையில் கடைசி நேரத்தில் இன்னொருவர் வந்து அமர்ந்தால் ஆகும் கூடுதல் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. அப்படி ஒன்று கூடுவதால் மட்டும் ஆகும் செலவுக்கு இறுதிநிலைச் செலவு என்று பெயர்.

பணம் பிரிக்கும் விதத்தையும் கவனிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் 80, பள்ளிப் பிள்ளையிடம் 30, வயதான பாட்டியிடம் ஒன்றும் வேண்டாம் என்று ஏற்பாட்டாளர் பிரிப்பதுண்டு. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால் பிள்ளைகளும் முதியவர்களும் வரமாட்டார்கள், இருக்கை வீணாகும், வாடகையும் தேறாது. ஒரே பயணத்துக்கு ஆளுக்கு ஏற்றபடி வெவ்வேறு தொகை வாங்கும் இந்த முறைக்குப் பேத விலை என்று பெயர்.

கணித மென்பொருளின் விலையில் உள்ள புதிரின் பெரும்பகுதி இந்த மூன்று கருத்துகளுக்குள் அடங்கிவிடுகிறது: நிலைச் செலவு மிகப் பெரியது, இறுதிநிலைச் செலவு சுழியத்தை ஒட்டியது, விலை ஆளுக்கு ஆள் மாறுவது. "கோப்பை இறக்க என்ன செலவு?" என்று கேட்பவர் இறுதிநிலைச் செலவை மட்டும் பார்க்கிறார், வாடகையை மறந்துவிடுகிறார்.

அந்த நிலைச் செலவு எதில் போகிறது

எக்ஸின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸ் வரும் என்று தேர்வில் அவசரமாக எழுதிவிடுவோம். எக்ஸ் என்பது −3 ஆனால் அதன் வர்க்கம் 9, வர்க்கமூலம் 3. எக்ஸ் திரும்பி வரவில்லை. மனிதர் ஒருவர் இதைக் கவனித்துத் திருத்திக்கொள்ளலாம். மென்பொருளோ, எக்ஸ் எப்படிப்பட்ட எண்ணாக இருந்தாலும் தவறாத விதியை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். இத்தகைய நுட்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒன்றைத் திருத்தினால் வேறொன்று கெட்டுவிடாமல் ஒவ்வொரு பதிப்பிலும் மீண்டும் சோதிக்க வேண்டும்.

தொகையிடலையே எடுத்துக்கொள்வோம். ஒரு சார்பின் தொகையீட்டை நமக்குப் பழக்கமான சார்புகளைக் கொண்டு எழுத முடியுமா, முடியாதா என்று தீர்மானிக்கும் வழிமுறையை ராபர்ட் ரிஷ் என்ற கணிதர் 1960களின் இறுதியில் உருவாக்கினார். தாளில் அது ஒரு தேற்றம். அதன் எல்லாக் கிளைகளையும் கணினிக்கு எழுதி முடிப்பது இன்றும் கடினமான வேலை. இதைச் செய்யக்கூடியவர்கள் உயர்கணிதமும் நிரலாக்கமும் ஒருசேர அறிந்தவர்கள். அத்தகையோர் உலகில் குறைவு, அவர்களுடைய சம்பளமோ அதிகம். இவர்களோடு விளக்கக் குறிப்புகளை எழுதுவோர், வாடிக்கையாளரின் கேள்விக்குப் பதில் சொல்வோர், விண்டோஸோ மேக்கோ மாறும்போதெல்லாம் மென்பொருளைப் புதுப்பிப்போர் என்று ஒரு பெரும் பட்டாளமே வேண்டும். மேத்லேப்பை வெளியிடும் மேத்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்கிறார்கள்.

கடிதம் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்கும் இப்படிப்பட்ட உழைப்பு உண்டு; ஆனால் அந்தச் செலவைக் கோடிக்கணக்கானோர் பகிர்ந்துகொள்கிறார்கள். குலக் கோட்பாடு (group theory) என்ற கணிதக் கிளையின் கணக்குகளையோ, ராடார் சமிக்ஞைகளையோ ஆராய்கிறவர்கள் எத்தனை பேர் இருக்க முடியும்? பகிர்பவர் குறையக் குறையத் தலைக்கு விழும் தொகை ஏறிக்கொண்டே போகிறது.

சுருங்கச் சொன்னால், இந்த மென்பொருள் விலை கூடியதாக இருப்பதற்கு முதல் காரணம், அரிய திறமை கொண்டவர்களின் நீண்டகால உழைப்பைச் சிலர் மட்டுமே பகிர்ந்து சுமக்கிறார்கள் என்பது.

ஒரே பொருளுக்குப் பல விலை

மென்பொருளை நாம் வாங்குவதாகச் சொன்னாலும், உண்மையில் வாங்குவது உரிமத்தைத்தான். உரிமம் என்பது இன்னார், இன்ன நோக்கத்துக்காக, இவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. பேத விலையை நடைமுறைப்படுத்தும் கருவி இதுவே. ஒரு பொறியியல் நிறுவனத்துக்கான உரிமம் மலேசிய நாணயத்தில் ஆயிரக்கணக்கில் வரும். அதே மென்பொருளின் மாணவர் உரிமம் அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அதைக் கொண்டு சம்பாதிக்கும் வேலை எதையும் செய்யக்கூடாது. இவற்றுக்கு அப்பால் பல்கலைக்கழகங்கள் மொத்தமாகப் பணம் செலுத்தி வாங்கும் வளாக உரிமம் ஒன்று உண்டு; அதன்கீழ் மாணவர் தனியாக ஒரு காசும் தர வேண்டியதில்லை. மேத்தமேட்டிக்கா 2013ஆம் ஆண்டு ராஸ்பெரி பை என்னும் மலிவான சிறு கணினியில், வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசமாகவே தரப்பட்டது.

ஆகவே "மேத்லேப் எவ்வளவு?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது, யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்தே விடை. நம் பட்டணத்தில் பரவும் மிரட்டும் தொகைகள் பெரும்பாலும் நிறுவனங்களுக்கான விலைப்பட்டியலில் இருந்து வந்தவை. 2025ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்கும் ஒருவர், தம் பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாத ஒரு விலையைக் கேட்டுக் கலங்குவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. மேத்லேப் போன்றவை ஒரே பொட்டலமாக விற்கப்படுவதில்லை. அடிப்படை மென்பொருள் ஒன்று. சமிக்ஞைகளை ஆராயவும், புள்ளியியலுக்கும், குறியீட்டுக் கணிப்புக்கும் தனித்தனித் துணைத் தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனி விலை. இவற்றைக் கருவிப்பெட்டிகள் என்று அழைக்கிறார்கள். நிறுவனம் ஒன்று பல கருவிப்பெட்டிகளைச் சேர்க்கும்போது மொத்தத் தொகை அடிப்படை விலையைப் போலப் பல மடங்காகிவிடுகிறது.

விட்டு விலக முடியாத நிலை

இதுவரை சொன்னவை நியாயமான காரணங்கள். விலை உயர்ந்தே நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் வாங்குபவருக்குச் சாதகம் குறைவு. ஒரு தொழிற்சாலையின் பொறியியலாளர்கள் இருபது ஆண்டுகளாக ஒரே மென்பொருளில் நிரல்களை எழுதிக் குவித்திருக்கிறார்கள் என்று கொள்வோம். வேறொன்றுக்கு மாற வேண்டுமானால் அவை அனைத்தையும் திரும்ப எழுத வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், பழைய விடைகளோடு புதிய விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இதற்கு ஆகும் செலவே மாற்றச் செலவு. ஆண்டு உரிமக் கட்டணம் மாற்றச் செலவைவிடக் குறைவாக இருக்கும்வரை, அந்நிறுவனம் முணுமுணுத்துக்கொண்டேனும் கட்டிக்கொண்டுதான் இருக்கும்.

மாணவர்களுக்கு மலிவாகத் தருவதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அது நல்ல உதவி என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், மூன்று நான்கு ஆண்டுகள் ஒரு கருவியில் பழகிய பட்டதாரி, வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் அதையே கேட்பார். நிறுவனமும் முழு விலை கொடுத்து வாங்கும். மாணவர் விலையும் நிறுவன விலையும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

விலைக்கும் விடைக்கும் உள்ள தொடர்பு

மூன்றாமவரின் கேள்விக்கு இப்போது வரலாம். விலை கூடியதுதான் சரியான விடை தருமா? இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தவறான எண்ணம் இங்கேதான் ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

மேத்லேப்பின் பிறப்பைப் பார்ப்போம். 1970களில் அமெரிக்காவில் பொது நிதியைக் கொண்டு லின்பேக், ஐஸ்பேக் என்ற இரண்டு நிரல் தொகுப்புகள் உருவாயின. எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அணிகளைக் கொண்ட கணக்குகளைத் தீர்க்கும் அவை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடியவை. ஆனால் பயன்படுத்த ஃபோர்ட்ரான் என்ற நிரல் மொழி தெரிந்திருக்க வேண்டும். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கற்பித்த கிளீவ் மோலர், தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் எழுதாமலே அவற்றைப் பயன்படுத்தட்டும் என்று எளிமையான ஒரு முகப்பை எழுதினார். அதுவே முதல் மேத்லேப். பின்னர் ஜேக் லிட்டில் முதலானோருடன் சேர்ந்து 1984இல் மேத்வொர்க்ஸ் தொடங்கப்பட்டது. லின்பேக், ஐஸ்பேக் இரண்டுக்கும் வாரிசாக வந்த லாபேக்கும் எவருக்கும் இலவசம்; மேத்லேப் பின்னாளில் அதற்கே மாறிக்கொண்டது. மேத்லேப்பைப் போலவே இயங்கும் இலவச மென்பொருளான ஆக்டேவும், பைத்தான் என்ற நிரல் மொழியின் நம்பை தொகுப்பும் அணிக் கணக்குகளுக்கு இதே லாபேக்கைத்தான் நம்பியிருக்கின்றன. மிகப் பெரிய முழு எண்களைக் கையாளும் ஜி.எம்.பி என்ற இலவசத் தொகுப்பை மேத்தமேட்டிக்காவும் மேப்பிளும்கூடப் பயன்படுத்துகின்றன. விலை கூடிய பெட்டியைத் திறந்தால், உள்ளே உழைக்கும் இயந்திரத்தின் ஒரு முக்கியப் பகுதி எல்லாருக்கும் பொதுவானது.

இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதல் எண்ணின் இரு மடங்கோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 5. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் மும்மடங்கைக் கூட்டினால் 10. மேத்லேப்பில் இந்தக் குணகங்களை ஓர் அணியாகவும், 5, 10 இரண்டையும் ஒரு நெடுவரிசையாகவும் எழுதி, இடையில் ஒரு பின்சாய்கோடு இட்டால் 1, 3 என்று விடை வரும். அதே வரியை எழுத்து மாறாமல் ஆக்டேவில் இட்டாலும் அதே விடைதான்.

குறையும் பொதுவானதே. 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, அது 0.3க்குச் சமமா என்று மேத்லேப்பைக் கேட்டால் இல்லை என்கிறது. ஆக்டேவும் இல்லை என்கிறது. பைத்தானும் இல்லை என்கிறது. கணினி எண்களை இரும முறையில் வைத்திருப்பதால் 0.1 என்ற எண்ணை அதனால் முழுமையாகக் குறிக்க இயலாது; கடைசி இலக்கங்களில் ஒரு துளி பிசகு ஒட்டிக்கொள்கிறது. எண்களைக் கணினியில் எப்படிக் குறிப்பது என்பதற்கு 1985இல் வகுக்கப்பட்ட தரநிலையை எல்லாரும் பின்பற்றுவதால், இந்தப் பிசகும் எல்லாரிடமும் ஒன்றுபோலவே இருக்கிறது. எவ்வளவு பணம் கொடுத்தாலும் இது போகாது. கணக்கு போடுகிறவர் இதை அறிந்து நடந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் பணம் கொடுத்து எதைப் பெறுகிறார்கள்? ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் கருவிகள், தெளிவான விளக்க நூல்கள், சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் ஆகியவற்றைப் பெறுகிறார்கள். மேத்லேப்போடு இணைந்து இயங்கும் சிமுலிங்க், ஒரு வண்டியின் கட்டுப்பாட்டு அமைப்பைப் படமாக வரைந்து இயக்கிப் பார்க்க உதவுகிறது. ஆக்டேவில் அதற்கு நிகரான ஒன்று இல்லை. கார் தயாரிக்கும் நிறுவனத்துக்கு இது பெரிய விஷயம். முதலாண்டு மாணவருக்கு அப்படியல்ல.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. காப் என்ற இலவசக் குலக் கோட்பாட்டு மென்பொருளை 1986இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் தொடங்கிய யோவாகிம் நொய்பூசர் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். ஒரு தேற்றத்தையும் அதன் நிறுவலையும் நூலகத்தில் படித்துவிட்டு வாழ்நாள் முழுதும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அதே கணிதம் மென்பொருளுக்குள் போய்விட்டால் கட்டணம் கேட்கிறது, பல வேளைகளில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் விடுவதில்லை. கணிதத்தில் நிறுவலைப் பார்க்காமல் எதையும் ஏற்பதில்லை என்பதால், இந்தக் கவலை எனக்கு மிக நியாயமாகப் படுகிறது.

சுருக்கமாக: விலை, வசதியையும் ஆதரவையும் சந்தையின் அளவையும் காட்டுகிறது, விடை சரியா என்பதைக் காட்டுவதில்லை.

இலவசத்துக்கும் யாரோ பணம் கட்டுகிறார்கள்

மேக்ஸிமா என்ற இலவசக் குறியீட்டுக் கணிப்பு மென்பொருளின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1968இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி நிறுவனத்தில், அதே போல் ஒலிக்கும் Macsyma என்ற ஆய்வுத் திட்டம் ஒன்று அரசு நிதியில் தொடங்கியது. 1980களில் அதன் ஒரு கிளை வணிக நிறுவனத்திடம் போய் விற்பனைப் பொருளாயிற்று. இன்னொரு கிளை அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்தது; அதை வில்லியம் ஷெல்டர் என்ற பேராசிரியர் 1982 முதல் பேணி வந்தார். 1998இல் அதைப் பொதுவில் வெளியிட அனுமதி பெற்றார், 2001இல் காலமானார். விற்பனைக்குப் போன கிளை சந்தையில் நிலைக்கவில்லை. ஷெல்டர் காத்த கிளையே மேக்ஸிமா; அது இன்றும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கிறது.

சிட்னி பல்கலைக்கழகத்தில் உருவாகும் மேக்மா இன்னொரு வகை. அது லாப நோக்கமற்றது; ஆனால் உருவாக்கும் செலவை ஈடுகட்டக் கட்டணம் வாங்குகிறது. 2013இல் அமெரிக்காவின் சைமன்ஸ் அறக்கட்டளை மொத்தச் சுமையை ஏற்றுக்கொண்டதால், அந்நாட்டின் லாப நோக்கமற்ற கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு அது கட்டணமின்றிக் கிடைத்தது. இதற்கு மாறாக, மேக்மா, மேப்பிள், மேத்தமேட்டிக்கா, மேத்லேப் ஆகியவற்றுக்கு இலவச மாற்று வேண்டுமென்று 2005இல் சேஜ் திட்டத்தைத் தொடங்கிய வில்லியம் ஸ்டைன், முழுநேர நிரலாளர்களுக்குச் சம்பளம் தேடுவதிலேயே பெரும் சிரமப்பட்டு, பின்னாளில் பேராசிரியர் பணியை விட்டு ஒரு நிறுவனம் நடத்தப் போனார். இலவச மென்பொருளில் நிலைச் செலவு மறைந்துவிடுவதில்லை. வரிப்பணமோ, அறக்கட்டளையோ, ஒருவரின் தூக்கம் கெட்ட இரவுகளோ அதைக் கட்டுகின்றன.

பல்கலைக்கழகம் போகும் பிள்ளைக்கு

சேர்க்கைக் கடிதம் வந்தவுடன் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க வேண்டாம். முதலில் வளாக உரிமம் உண்டா என்று பல்கலைக்கழகத்தின் கணினி மையத்திடம் கேட்க வேண்டும். பொறியியல் துறை உள்ள இடங்களில் உண்டு என்ற பதில் வரவே வாய்ப்பு அதிகம். பதிவு நாள்வரை காத்திருக்கும் இடைவெளியில் ஆக்டேவையோ, பைத்தானோடு நம்பை, குறியீட்டுக் கணிப்புக்கான சிம்பை ஆகிய தொகுப்புகளையோ நிறுவிப் பழகலாம். இன்னும் பள்ளியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஜியோஜீப்ரா போதும். கைத்தொலைபேசியிலேயே வரைபடம் வரைந்து பார்க்கலாம். இணைய வழியில் இயங்கும் பதிப்புகள் வசதியானவையே. ஆனால் உள்ளே தள்ளியிருக்கும் தோட்டங்களில் இணையம் விட்டுவிட்டு வரும் என்பதால், பட்டணத்துக்கு வரும்போது இறக்கிக்கொண்டு, வீட்டில் இணையமின்றியே இயங்கும் மென்பொருளை நான் பரிந்துரைப்பேன்.

ஐம்பது ரிங்கிட்டுக்கு எல்லாவற்றையும் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் மடிக்கணினியைக் கொடுக்கக்கூடாது. அது 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதோடு, பூட்டு உடைக்கப்பட்ட பிரதிகளோடு நச்சு நிரல்களும் ஏறிவிடுவது வழக்கம். ஆய்வேட்டின் ஒரே பிரதி இருக்கும் கணினியில் அந்த ஆபத்தை வரவழைத்துக்கொள்ளத் தேவையே இல்லை, சட்டப்படியே இலவசமான வழி இருக்கும்போது.

படிப்பு முடிந்ததும் வளாக உரிமமும் முடிந்துவிடும் என்பதைக் கடைசி ஆண்டிலாவது நினைவில் வைக்க வேண்டும். மேத்லேப்பில் எழுதிய சாதாரண நிரல்களைப் பெரும்பாலும் ஆக்டேவில் திறந்து இயக்கலாம். கருவிப்பெட்டிகளை நம்பி எழுதியவற்றில் திருத்தம் தேவைப்படும். சிமுலிங்க் படங்கள் திறக்கவே திறக்காது. எனவே அப்படங்களை உரிமம் காலாவதியாகும் முன்பே அச்சுப் படிவமாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். அளவீட்டுத் தரவுகளை எந்த மென்பொருளும் படிக்கக்கூடிய, காற்புள்ளியால் பிரித்த வெற்றுரைக் கோப்புகளாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.